யாளித் தோள்கவசம், ஹூடு வச்ச க்ளோக், நீளக் கோட்டு: எதை முதல்ல வெட்டுறது?

மழைக்குருவி
எல்லாருக்கும் வணக்கம். எந்தப் படத்திலும் இல்லாத, சொந்தமா யோசிச்ச பாத்திரம்: மலைக்கோட்டைக் காவல்காரி. முழங்காலுக்குக் கீழ வர்ற கோட்டு, ரெண்டு தோள்லயும் யாளி முகம் வச்ச கவசம், பின்னால ஹூடோட (தலையை மூடுற பகுதி) நீளமான க்ளோக், அதாவது தோள்லருந்து தொங்குற கையில்லாத மேலாடை. காமிக்ஸ் ரசிகர்கள் பாத்திர வேஷம் போட்டுக்கிட்டு வர்ற பெங்களூரு காமிக் கான் விழாவுக்குப் போட்டுக்கணும். கையில 9 வாரம் இருக்கு.

இருக்கிறது: நேர்த்தையலும் ஜிக்ஜாகும் வர்ற வீட்டு மிஷின். சிக்பேட்டைல எடுத்த மெரூன் வெல்வெட் 3 மீட்டர், 58 இஞ்ச் அகலம். உயரம் 5 அடி 4 இஞ்ச், மார்பு 36, கழுத்து 14. பிளவுஸும் சுடிதாரும் தைக்கத் தெரியும்.

க்ளோக்தான் சுலபம்னு தோணுது, அதை இந்த வாரமே வெட்டிடலாமா? 3 மீட்டர் பத்துமா? தோள்கவசத்தை எதோட சேர்த்துத் தைக்கிறது?

ஊசிக்காது
வெல்வெட்டை மடிச்சு பீரோல வைங்க. க்ளோக் கடைசி.

14 இஞ்ச் உங்க வெறுங்கழுத்து அளவு. க்ளோக் உட்காரப் போறது கோட்டுக் காலர் மேல. காலருக்குள்ள கேன்வாஸ் வச்சு, லைனிங் போட்டு, பட்டன் மாட்டின பிறகு அதே இடம் 16½, 17 வரும். 14ஐ நம்பிக் கழுத்தை வெட்டினா கோட்டு மேல மூடாது. உள்ள விட்ட துணியை வெளிய எடுக்கலாம், வெட்டிப்போட்ட வளைவைத் திருப்பி ஒட்ட முடியாது.

வரிசை: காடாத்துணில சோதனைக்கு ஒரு கோட்டு, அப்புறம் நிஜக் கோட்டு, கோட்டைப் போட்டுக்கிட்டே கவசத்துக்கு அளவு, அதுக்கப்புறம் க்ளோக்.

அரைவட்டம்
ஊசிக்காது அக்கா சொன்ன 17ஐ வச்சே கணக்கு போடுறேன். உங்க அளவு மாறினா எண்ணை மட்டும் மாத்திக்குங்க.

அரைவட்ட க்ளோக்குக்குக் கழுத்து ஆரம் = கழுத்துச் சுற்று ÷ 3.14. 17க்கு 5.4 வருது, 5½னு வச்சுக்கலாம். பிடரியிலருந்து கீழ 50 இஞ்ச் நீளம் போதும். உங்க உயரத்துக்குத் தரையிலருந்து நாலஞ்சு இஞ்ச் மேல நிக்கும். அதுக்கு மேல நீட்டினா மெட்ரோ எஸ்கலேட்டர்ல ஓரம் மாட்டும். ஆக மொத்த ஆரம் 5½ + 50 + மடிப்புக்கு ½ = 56. துணி 58 இஞ்ச் அகலம், அதனால அகலத்துக்குள்ள அடங்கிடுது. நீளவாக்குல 56 + 56 = 112 இஞ்ச். உங்க 3 மீட்டர் 118 இஞ்ச். பத்தும், இடிச்சுக்கிட்டு.

கழுத்தை வெட்டுறப்போ நிறையப் பேர் சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு. 5½ங்கிறது தையல் விழ வேண்டிய கோடு. தையலுக்கு உள்ள போற அரை இஞ்ச் பிடி விட்டு, கத்திரி 5 இஞ்ச் ஆரத்துல போகணும். 5½லயே வெட்டி அரை இஞ்ச் உள்ள தைச்சா, தையல் 6ல விழும், சுற்று ஒன்றரை இஞ்ச் பெருசாகி க்ளோக் பின்னால வழுக்கும்.

வளைவு வரைய நூலும் சாக்பீஸும் வேண்டாம். 56 இஞ்சுக்கு நூல் இழுவும், ஒரு பக்கம் அரை இஞ்ச் கூடும், மறுபக்கம் குறையும். இஞ்ச் டேப்பை மூலையில குண்டூசியால அழுத்திப் பிடிச்சு, ரெண்டு ரெண்டு இஞ்சுக்கு ஒரு புள்ளி வச்சுச் சேருங்க.

சிக்பேட் சித்தப்பா
கணக்கு சரி தம்பி. ஆனா வெல்வெட்டுக்கு அந்த ஒத்தத் துண்டு அரைவட்டம் ஆகாது.

வெல்வெட்டுக்கு முடி ஒரே திசைல படுத்திருக்கும். கையால நீளவாக்குல தடவிப் பாருங்கம்மா, ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் சொரசொரக்கும். அரைவட்டத்தை ஒரே துண்டா ஓரக்கரையை ஒட்டி வெட்டினா, மாட்டுறப்போ இடது முன்பக்கம் முடி கீழ பாக்கும், வலது முன்பக்கம் மேல பாக்கும். மண்டப வெளிச்சத்துல ஒரு பக்கம் மெரூன், மறுபக்கம் வெளிறின ரோஸ். ரெண்டு வேற துணி வாங்கின மாதிரி இருக்கும்.

கால்வட்டமா ரெண்டு துண்டு வெட்டி நடு முதுகுல சேருங்க. ரெண்டுக்கும் முன் ஓரம் நீளவாக்குல, முடி ஒரே பக்கம் பாக்கணும். ஒண்ணு இடது, ஒண்ணு வலது, அதாவது காகித மாதிரியைக் கவுத்துப் போட்டு வரையணும். முதுகுத் தையலுக்கு அரை அரை இஞ்ச் சேர்த்தா 113. 118க்குள்ள வந்துடும். துணியை ரெட்டையா மடிச்சு வெட்டாதீங்க, முடியும் முடியும் உரசி மேல் துணி நகரும். தரைல ஒத்தையா விரிச்சு, பின்பக்கம் மார்க் பண்ணி வெட்டுங்க.

முடி மேல பாக்க வச்சா நிறம் ஆழமாத் தெரியும், கீழ பாக்க வச்சா பளபளப்பு கூடும், தேய்மானம் குறையும். காவல்காரிக்கு மேல பாக்குறதுதான் அழகுன்னு என் கட்சி.

கடைல கேக்குறப்போ "பன்னா எவ்வளவு"ன்னு கேளுங்க, அகலத்தைச் சொல்வாங்க. லைனிங்குக்கு "அஸ்தர்".

அரைவட்டம்
ஒத்துக்கிறேன் சித்தப்பா. நான் சொன்னது சூட்டிங் துணிக்குத்தான் பொருந்தும்.

இன்னொரு லாபமும் இருக்கு. ஒவ்வொரு கால்வட்டத்துக்கும் வெளி மூலைல துணி மிஞ்சும். 56 ஆரத்துக்கு அந்த மூலைல 16க்கு 16 இஞ்ச் சதுரம் கிடைக்கும். ஹூடோட ஒரு பாதிக்கு 15 இஞ்ச் உயரம், 12, 13 இஞ்ச் ஆழம், பிடியும் சேர்த்து அதுக்குள்ள அடங்குது. ரெண்டு மூலை, ரெண்டு பாதி. முகத்தை மறைக்கிற அளவு ஆழமான கூர்முனை ஹூடு வேணும்னா மட்டும் இன்னொரு அரை மீட்டர், அதே துணிச் சுருள்ல இருந்து வாங்கணும். வேற சுருள்னா சாயம் ஒத்து வராது.

மழைக்குருவி
சாதாரண ஹூடே போதும். ஆனா கவசம் க்ளோக்குக்கு உள்ளயா, மேலயா? நான் உள்ள போட்டு க்ளோக்கால மூடி, நடக்கிறப்போ எட்டிப்பாக்கிற மாதிரி நினைச்சேன்.

அரைவட்டம்
உள்ள வச்சா அரைவட்டம் போதாது. கோட்டோட, கையையும் சேர்த்துத் தோளைச் சுத்தி டேப் போட்டா உங்களுக்கு ஏறக்குறைய 41 இஞ்ச் வரும். அரைவட்டத்துல கழுத்துலருந்து 5 இஞ்ச் தள்ளி, அதாவது தோள் முனைல, துணிச் சுற்று 10½ × 3.14 = 33தான். கவசம் இல்லாமலே முன்னால 8 இஞ்ச் திறந்து நிக்கும். உள்ள ஃபோம் கவசம் வச்சா இன்னும் விரியும், கழுத்துப் பட்டன் தொண்டையை நெரிக்கும்.

முக்கால்வட்டம்னா கழுத்து ஆரம் 3.6, தோள் முனைல 40½ கிடைக்கும். துணி 54 இஞ்சா மூணு கால்வட்டம், 4.1 மீட்டர் வேணும். முழுவட்டம் 5.4 மீட்டர். சதுர மீட்டருக்கு 300 கிராம்னு வச்சா, அரைவட்டம் 950 கிராம், முக்கால் 1.3 கிலோ, முழுசு 1.7 கிலோ. இதுல லைனிங் கிடையாது.

ஊசிக்காது
கவசம் மேல. 3 மீட்டர்தான் இருக்குங்கிறதுக்காக மட்டும் சொல்லல. யாளியைச் செதுக்கிட்டு வெல்வெட்டுக்குள்ள ஒளிச்சு வைக்கவா? முன்னால 8 இஞ்ச் திறப்பு இருந்தாத்தான் கோட்டும் தெரியும், கையும் வெளிய வரும்.

லைனிங் போட்ட ஒண்ணேகால் கிலோவைக் கழுத்துக் கொக்கி மட்டும் தாங்கக் கூடாது. ரெண்டு மணி நேரத்துல தொண்டைல கோடு விழும். கோட்டுல மூணு பட்டன் தைங்க: தோள்தையல் மேல கழுத்துலருந்து 3 இஞ்ச் தள்ளி ரெண்டு, பிடரிக்குக் கீழ காலர் ஓரத்துல ஒண்ணு. க்ளோக்கோட உள்பட்டில அதுக்கு நேரா நாடாக் காது. எடை தோளுக்குப் போயிடும், முன் கொக்கி அலங்காரத்துக்குத்தான். கோட்டுத் தோள்ல பட்டன் வர்ற இடத்துக்கு உள்ளே 2 இஞ்ச் அகலத்துக்குக் கேன்வாஸ் துண்டு வைக்கணும், இல்லாட்டி பட்டன் துணியோட பிஞ்சு வரும். இதெல்லாம் கோட்டு லைனிங் மூடுறதுக்கு முன்னாடி. வரிசை ஏன் முக்கியம்னு இப்போ புரியுதா?

காடாத்துணி
கோட்டைப் பத்தி யாரும் பேசல. க்ளோக்கை விட அதுலதான் வேலை.

துணி: காட்டன் டிரில், 58 பன்னால 3 மீட்டர். முதல்ல ஒரு ராத்திரி தண்ணில ஊறப்போட்டு, காயவச்சு, இஸ்திரி போட்டு வெட்டுங்க. சுருங்குறது இப்பவே சுருங்கட்டும். சாயம் போட்டுப் பழசாக்கணும்னா பாலியஸ்டர் கலப்பு எடுக்காதீங்க, காட்டன் சாயம் அதுல ஏறாது.

அளவு: மார்பு 36க்குக் கோட்டு 40. உள்ள ஒரு சட்டை வரும். பிரின்சஸ் கட் (மேலருந்து கீழ வரைக்கும் நீளமா இறங்குற தையல்) போட்டு, இடுப்புக்குக் கீழ ஒவ்வொரு தையல்லயும் சுடிதார் கலி மாதிரி விரிச்சா முன்னால பின்னால பிளவு விட்டு நல்லா வீசும்.

சுடிதார் தைக்கிறவங்க செய்யற வழக்கமான தப்பு: கை தூக்க வசதியா இருக்கும்னு ஆர்ம்ஹோலை, அதாவது கை சேர்க்கிற வளைவை, கீழே இறக்குறது. நேர்மாறா நடக்கும். அக்குள் கீழ இறங்க இறங்க, கையைத் தூக்கினா பக்கத்தையல் முழுசும் கூடவே மேல வரும், பெல்ட்டுக்குள்ள இருந்து கோட்டு உருவிக்கும். அக்குளுக்கு ஒரு இஞ்ச் கீழதான் ஆர்ம்ஹோல் நிக்கணும். இன்னும் அசைவு வேணும்னா அக்குள்ல 4 இஞ்ச் சதுரத் துண்டை வைர வாக்குல சேருங்க. காடாத்துணி மாதிரியைப் போட்டுக்கிட்டு வில் இழுக்கிற மாதிரி, பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி நின்னு பாருங்க. பெல்ட்டையும் கட்டிக்கிட்டு.

மழைக்குருவி
ஆர்ம்ஹோல் விஷயம் சத்தியமா தெரியாது, நன்றி. ஓரங்கள்ல ரெக்ஸின் பட்டி வைக்க ஆசை. வீட்டு மிஷின் இழுக்குமா?

காடாத்துணி
மெல்லிய ரெக்ஸின், ரெண்டு மடிப்பு வரை இழுக்கும். கார் சீட்டுக்குப் போடுற தடி ரெக்ஸின் வேண்டாம். ஊசி 16, நூல் பாலியஸ்டர், தையல் நீளம் 3½லருந்து 4. சின்னத் தையல் போட்டா ஊசி ஓட்டை வரிசையா விழுந்து, தபால்தலை கிழியற மாதிரி அந்தக் கோட்டுலயே கிழியும். குண்டூசி குத்தின ஓட்டையும் மூடாது, துணி கிளிப் போடுங்க. பிரஷர் ஃபுட் ஒட்டிக்கிட்டு நகராம நின்னா, அடியில ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, ஊசித் துளையை வெட்டி விடுங்க. ரெக்ஸின் மேல இஸ்திரிப் பெட்டி படவே கூடாது.

ஊசி வாங்குறப்போ வீட்டு மிஷினுக்குன்னு சொல்லி வாங்குங்க. தண்டுல ஒரு பக்கம் தட்டையா இருக்கும். ஜூக்கி மாதிரி ஃபேக்டரி மிஷின் ஊசி உருண்டை, உங்க மிஷின்ல சேராது.

நுரைத்தச்சன்
கவசம் என் பங்கு.

பொருள்: ஈவிஏ ஃபோம். அடித்தளத்துக்கு 5 அல்லது 6 மில்லி (மில்லிமீட்டர்) தடிமன், யாளி முகத்துக்கு 10 மில்லியும் 2 மில்லியும். செருப்பு சோல் செய்யறவங்களுக்கு ஷீட் விக்கிற கடைல கிடைக்கும். குழந்தைங்க விளையாடுற புதிர்ப் பாய் ஓரளவு சரி, அடியில இருக்கிற வரியைத் தேச்சு எடுக்கணும். யோகா பாய் நிறைய ஈவிஏவே கிடையாது, சூடு காட்டினா வளையாம சுருங்கும். தெர்மோகோலைத் தொடவே தொடாதீங்க, ரப்பர் பசை பட்டா கரைஞ்சு குழி விழும்.

மாதிரி எடுக்கிறது: கோட்டைப் போட்டுக்கிட்டு, தோள்ல க்ளோக் இருக்கப் போற தடிமனுக்கு ஒரு துண்டு போட்டு, மேல சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுத்தி, அதுமேல மாஸ்கிங் டேப்பை ரெண்டு அடுக்கு ஒட்டணும். கவச எல்லையை மார்க்கர்ல வரைஞ்சு, வெட்டி எடுத்து, தட்டையா உட்கார்ற வரைக்கும் டார்ட் மாதிரி (பிளவுஸ்ல பிடிக்கிற முக்கோண மடிப்பு) கீறி விடுங்க. அதைக் காகிதத்துல பதிச்சா ஃபோம் மாதிரி ரெடி. ஒரு பக்கம் 'இ', கவுத்துப் போட்டு 'வ'ன்னு உடனே எழுதிடுங்க. ரெண்டும் இடது தோளா வெட்டிட்டு முழிக்கிறது இந்த வேலைல சகஜம்.

வெட்ட: முனை உடைக்கிற கட்டர், புது பிளேடு. பிளேடு மழுங்கினா ஓரம் பல்லு பல்லா வரும். பத்துப் பன்னெண்டு நீள வெட்டுக்கு ஒருமுறை முனையை உடைச்சுடுங்க.

ஒட்ட: ஃபெவிகால் எஸ்.ஆர். 998 மாதிரி ரப்பர் பசை. ரெண்டு முகத்துலயும் மெல்லிசாத் தடவி, 10, 15 நிமிஷம் விட்டு, விரல்ல ஒட்டாத பக்குவம் வந்ததும் சேர்த்து அழுத்தணும். ஈரமா இருக்கிறப்போ சேர்த்தா வழுக்கும், சாயங்காலம் தையல் பிளந்துடும். பக்குவத்துல சேர்த்தா தொட்ட இடத்துலயே பிடிச்சுக்கும், நகர்த்த முடியாது. அதனால டார்ட்டோட உள்முனைலருந்து ஆரம்பிச்சு, வெளி ஓரத்தைப் பாத்து ஒவ்வொரு இஞ்சா. ஜன்னல் திறந்து, மின்விசிறி வெளிப்பக்கம் தள்ளுற மாதிரி. அந்தப் பசை தீப்பிடிக்கும், அடுப்பு இருக்கிற அறைல வேண்டாம்.

வளைக்க: ஹீட் கன்ல ஆட்டி ஆட்டிச் சூடு காட்டினா, மேல்பக்கம் லேசா மினுக்கும். அந்த நேரம் கவுத்த குண்டான் மேல வச்சு அழுத்தி, ஆறுற வரைக்கும் பிடிங்க. சூடு கூடினா கொப்புளம். அந்த மினுக்கு வந்த முகம்தான் பெயிண்டைக் குடிக்காம நிக்கும், அதனால தட்டையான துண்டுக்கும் ஒருமுறை சூடு காட்டுங்க.

யாளி முகம்: மதுரைப் புதுமண்டபத்துத் தூணை மனசுல வச்சுக்குங்க. பிதுங்கின கண்ணு, சுருண்ட பிடரி, வாய்க்குள்ள பல்வரிசை. இதை ஒரே கட்டியைச் செதுக்கி எடுக்க வேண்டாம், அடுக்குங்க. 10 மில்லில முகத்தோட வெளிக்கோடு, அதுமேல இன்னொரு 10 மில்லில மூக்கும் புருவமும், கண்ணுக்குப் பாதியா வெட்டின பிளாஸ்டிக் பந்து. பிடரிக்கு 5 மில்லி ஷீட்டை அரை இஞ்ச் பட்டையா வெட்டி, ஒரு பக்க ஓரத்தைச் சாய்வாச் சீவி, சூடு காட்டி நத்தை மாதிரி சுருட்டி ஒட்டினா கல்லுல அடிச்ச சுருள் மாதிரியே வரும். பக்கத்துக்கு ஏழெட்டு சுருள். தந்தம் மட்டும் மிருதுவா விடுங்க, கூட்டத்துல யார் கண்ணுலயும் குத்தக் கூடாது.

ஜோடி அரை கிலோவைத் தாண்டினா எங்கேயோ 10 மில்லியை அதிகமாப் போட்டுட்டீங்கன்னு அர்த்தம்.

மழைக்குருவி
இதைத் தோள்ல நிறுத்துறது எப்படி? கைல பட்டி போட்டா க்ளோக்கைச் சேர்த்துக் கட்டிடுமே?

நுரைத்தச்சன்
கைப்பட்டி வேண்டாம். ரெண்டு கவசத்தையும் முன்னால ஒரு பட்டி, பின்னால ஒரு பட்டி போட்டு இணைச்சு, நுகத்தடி மாதிரி தலை வழியா மாட்டுங்க. பின்பட்டி க்ளோக் மேல ஓடும், இறக்கி விட்ட ஹூடு அதை மறைச்சிடும். முன்பட்டில ஒரு இஞ்ச் பக்கிள். ஃபோமோட அடிப்பக்கம் தோள் படுற இடத்துல ஒரு துண்டு வெல்வெட்டை முடி வெளிய தெரிய ஒட்டுங்க, க்ளோக் முடியும் அதுவும் கவ்விக்கும், வழுக்காது.

வெல்க்ரோவை ஃபோம்ல நேரா ஒட்டாதீங்க, அதோட சொந்தப் பசை வெயில்ல உரிஞ்சுடும். ரெக்ஸின் துண்டுல வெல்க்ரோவைத் தைச்சு, அந்த ரெக்ஸினை ரப்பர் பசையால ஃபோம்ல ஒட்டணும்.

பெயிண்டுக்கு முன்னாடி வெள்ளை ஃபெவிகாலைப் பாதிக்குப் பாதி தண்ணி கலந்து மூணு, நாலு பூச்சு. ஒவ்வொண்ணும் காஞ்ச பிறகு அடுத்தது. அப்புறம் கறுப்பு அக்ரிலிக் முழுசா, அதுமேல பித்தளை நிறத்தைக் காஞ்ச பிரஷ்ல மேடான இடத்துல மட்டும் தேச்சு விடுங்க. பள்ளம் கறுப்பாவே இருக்கட்டும்.

சிக்பேட் சித்தப்பா
ஒரு திருத்தம். சாதா வெள்ளை ஃபெவிகால் தண்ணில இளகும். டிசம்பர்லயும் இங்க சாயங்காலம் தூறல் போடும். பெயிண்ட் மேல அக்ரிலிக் வார்னிஷ் ரெண்டு கை அடிக்காம வெளிய எடுத்துட்டுப் போகாதீங்க.

ஜரிகைப் பட்டி, மணி, பித்தளை நிற வளையத்துக்கு அவென்யூ ரோடு ராஜா மார்க்கெட் சுத்திப் பாருங்க.

நுரைத்தச்சன்
ஆமா, வார்னிஷை விட்டுட்டேன்.

ஊசிக்காது
வெல்வெட் தையலும் ஓரமும் சொல்லிடறேன்.

ஊசி 14, தையல் நீளம் 3, பிரஷர் ஃபுட் அழுத்தத்தைக் குறைக்க முடிஞ்சா குறைங்க. முதுகுத் தையலுக்குக் கையால ரெண்டு வரிசை ஓட்டுத்தையல் போட்டுக்கிட்டு, அப்புறம் மிஷின் ஓட்டுங்க. ஓட்டாம நேரா மிஷின்ல விட்டா 50 இஞ்ச் முடியறப்போ மேல் துணி ஒரு இஞ்ச் முன்னால நிக்கும். இஸ்திரி பின்பக்கம் மட்டும், அடியில இன்னொரு வெல்வெட் துண்டை முகத்தோட முகம் வச்சு, பெட்டியைத் தொடாம ஆவி மட்டும்.

வெட்டி, முதுகு சேர்த்து, கழுத்துப் பட்டி வச்ச பிறகு ஓரம் மடிக்காதீங்க. ஹேங்கர்ல, முடிஞ்சா கோட்டோட பட்டன் போட்டு, ரெண்டு நாள் தொங்க விடுங்க. கால்வட்டத்தோட நடுப்பகுதி கிராஸ்ல, அதாவது நூலுக்குச் சாய்வா இருக்கு, எடைக்கு ஒரு இஞ்ச், ரெண்டு இஞ்ச் இறங்கும். அப்புறம் தரைலருந்து ஸ்கேல் வச்சு ஒரே உயரத்துல மார்க் பண்ணி வெட்டுங்க.

மடிப்பு அரை இஞ்சுக்கு மேல வேண்டாம். வளைவுல ஒரு இஞ்ச் மடிச்சா வெளி ஓரத்துல ஆறு இஞ்ச் துணி மிஞ்சும், அது சுருக்கமா நிக்கும். மடிக்கவே வேண்டாம்னா கிராஸ் பீஸ் வச்சு முடிங்க. ஓரம் மொத்தம் 176 இஞ்ச், சேர்ப்புக்கும் விட்டு 5 மீட்டர் பட்டி வெட்டிக்குங்க.

லைனிங்கைக் கீழ க்ளோக்கோட சேர்த்துத் தைக்கக் கூடாது. ரெண்டு துணியும் ரெண்டு விதமா இறங்கும், சேர்த்துப் பிடிச்சா பை மாதிரி உப்பும். லைனிங் ஒரு இஞ்ச் கட்டையா, தனி ஓரம். தையலுக்குத் தையல் ஒன்றரை இஞ்ச் நூல் சங்கிலி போட்டுப் பிடிச்சா காத்துல தனியாப் பறக்காது.

மழைக்குருவி
ஹூடு தலைல நிக்காம பின்னால விழுந்துடாதா?

ஊசிக்காது
விழும். முன் ஓரப் பட்டிக்குள்ள மெல்லிய கம்பி நுழைச்சு, ரெண்டு முனையையும் வளைச்சு டேப் சுத்துங்க. உச்சில உள்பக்கம் ஒரு சின்ன சீப்புக் கிளிப் தைச்சு முடில செருகிக்குங்க.

காடாத்துணி
பாக்கெட்டைக் கேக்கவே இல்லையே. கோட்டுப் பக்கத்தையல்ல, இடுப்புக்கு 3 இஞ்ச் கீழ, ரெண்டு பக்கமும் பை வைங்க. பக்கத்தையல் மூடுறதுக்கு முன்னாடி வைக்கணும். போன், மெட்ரோ கார்டு, சின்ன பசை டியூப்.

மழைக்குருவி
பாக்கெட் எழுதிக்கிட்டேன். நாளைக்குக் காடாத்துணி 3 மீட்டர் வாங்கப் போறேன். வெல்வெட் பீரோலதான் இருக்கு.

சிக்பேட் சித்தப்பா
மடிச்சு வைக்காதீங்க, கோடு விழுந்தா போகாது. அட்டைக் குழாய்ல முடி வெளிய தெரியச் சுருட்டி நிமிர்த்தி வைங்க. துணிக்கடைல குழாய் கேட்டா சும்மாவே கொடுப்பாங்க.